ஆவுடைத்தாய் வச்ச நீலப் பொட்டு

படம் வாய் திறக்காத காலம்னு ஒண்ணு இருந்துச்சாம். ஆளு வருவான், போவான், அழுவான், சிரிப்பான், சத்தம் மட்டும் வராதாம். அந்தக் காலத்துல, சாத்தூருக்குத் தெற்க, கரிசக் காட்டுக்கு நடுவுல ஆவாரங்குளம்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவதான் ஆவுடைத்தாய்.

ஆவுடையை அழகின்னு யாரும் சொன்னதில்லையாம். கறுப்பு. நெட்டை. முன்பல்லு கொஞ்சம் தூக்கல். ஆனா அவ முகம் இருக்கே, அது சும்மா இருக்கவே இருக்காதாம். சந்தோசம் வந்தா வாய்க்கு முந்திப் புருவம் சிரிக்குமாம். கோவம் வந்தா மூக்கு விடைச்சுக்கிட்டு நிக்குமாம்.

அது எப்படி வந்துச்சுன்னா, கல்யாணத்துக்கு முந்தி இருந்தே அவ சாத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சு அரவை ஆலையில வேலை பாத்தவ. அங்க மிசினு போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவ கத்தினாலும் காதுல விழாது. அதனால ஆலைப் பொம்பளைங்க எல்லாரும் முகத்தாலயே பேசிக்கிடுவாங்களாம். "இன்னைக்கு என்ன கொழம்பு?"ன்னு ஒருத்தி புருவத்தைத் தூக்குவா. "கருவாடு"ன்னு இன்னொருத்தி மூக்கைச் சுருக்குவா. "உன் மாமியா எப்படி இருக்கா?"ன்னு கேட்டா, ஆவுடை ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு உதட்டைப் பிதுக்குவாளாம். ஆலையே குலுங்கிச் சிரிக்கும். மேஸ்திரி திரும்பிப் பாத்தா, ஒருத்தி வாயும் திறந்திருக்காது. யாரைத் திட்டுறது?

அவ புருஷன் உத்தண்டு, அதே ஆலையில பஞ்சுப் பொதி தூக்கினவன். பேச்சு கம்மி. மாமனாரு பேரு அய்யாக்குட்டி. அவருக்கு வெத்தலையும் வேடிக்கையும் இருந்தாப் போதும். மாமியா பேரு மாடத்தி.

மாடத்தி கெட்டவ இல்ல. பயந்தவ. காலையில கண்ணு முழிச்சதும், முகத்தைத் துடைச்ச கையோட குங்குமத்தைத் தேடுவாளாம். புருஷன் காட்டுக்குப் போயிருக்கிற நேரம் வேர்வையில பொட்டு கலைஞ்சிட்டா, அடுப்புல என்ன கொதிச்சாலும் அப்படியே போட்டுட்டு ஓடுவாளாம். "அவுக வெளிய போயிருக்காக, நெத்தி வெறுசா கெடக்கே, ஏதாவது ஒண்ணு ஆகிட்டா?" அவ பொட்டுதான் அவருக்குக் குடைன்னு ஒரு நெனப்பு. பாம்பு வந்தாலும், இடி விழுந்தாலும், அந்தக் குங்குமம் தடுத்துடும்.

ஒரு வருசம் மழை ஏமாத்திருச்சாம். பருத்தி காய் பிடிக்கல. ஆலையைச் சாத்திட்டாங்க. உத்தண்டு சொன்னானாம், "பட்டணம் போறேன், ஆத்தா. அங்க தொறமுகத்துல சுமை தூக்க ஆளு எடுக்காங்களாம். இவளும் வரட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் போங்க. பிள்ளையை விட்டுட்டுப் போங்க," அப்படின்னாளாம் மாடத்தி.

ரெண்டு பேருக்கும் ஒரே பொம்பளைப் பிள்ளை, செல்லக்கனின்னு பேரு. அப்பத்தான் நடக்கப் பழகுது. பட்டணத்துல வாந்திபேதின்னு ஊரெல்லாம் பேச்சு. பச்சைப் பிள்ளையை அங்க கொண்டுபோய் எந்தத் தண்ணியைக் குடுக்க? இங்க விட்டுட்டுப் போனா ராத்திரி யாரைத் தேடி அழுகும்? விட்டாலும் தப்பு, கூட்டிட்டுப் போனாலும் தப்பு. ஆவுடை அழுதுக்கிட்டே பிள்ளையை மாமியா இடுப்புல வச்சாளாம்.

"அடுத்த வருசம் சித்திரைப் பொங்கலுக்கு வந்து தூக்கிக்கிடுதேன், அத்தை. நாங்க ஒரு இடம் பாத்து உக்காந்தாச்சுன்னா பிள்ளை எங்ககூடத்தான்."

"வா, வா. பிள்ளை எங்க போயிடப் போகுது?" அப்படின்னாளாம் மாடத்தி. அந்தச் சொல்லைத்தான் ஆவுடை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ரயிலேறினாளாம்.

பட்டணத்துல தொறமுக வேலை சரியா அமையல. உத்தண்டுக்கு ஒரு படக் கம்பெனியில வேலை கெடச்சுது. அந்தக் காலத்துல வெயில்லதான் படம் பிடிக்கணுமாம். கூரையே இல்லாத கொட்டகை. அரமனைன்னு சொல்லித் துணியில வரைஞ்சு தொங்க விட்டிருப்பாங்க, காத்தடிச்சா அரமனையே ஆடும். நடிக்கிறவங்க முகத்துல வெயில் விழணும்னு, பளபளன்னு தகரம் அடிச்ச பலகையை ஒரு ஆளு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உத்தண்டுக்கு அதுதான் வேலை. பொதி தூக்கின கையாச்சே, ஆடாம அசையாம நிப்பானாம்.

ஒரு நாள் மத்தியானம் ஆவுடை தூக்குவாளியில சோறு கொண்டு போயிருக்கா. இவன் பலகையைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கான். சத்தம் போடக் கூடாதுன்னு வாசல்ல நிறுத்திட்டாங்க. அவ அங்க இருந்தே புருவத்தைத் தூக்கி, "சாப்பிட்டாச்சா?"ன்னா. இவன் தலையை ஆட்டி, "இல்ல"ன்னான். அவ மூக்கு விடைச்சுது. "காலையிலயும் சாப்பிடலயா?" இவன் கண்ணைத் தாழ்த்திக்கிட்டான். அவ கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, உதட்டை மடிச்சு, கண்ணுல தண்ணி வச்சு, ஒரு முழுச் சண்டையும் போட்டு முடிச்சுச் சமாதானமும் ஆயிட்டா. வாயே திறக்கல.

டைரக்டரு இதைப் பாத்துட்டாராம். அங்க நின்னு நடிக்கிற பொண்ணை விட்டுட்டு வாசலுக்கு வந்துட்டாரு.

"ஏம்மா, இந்த வித்தையை எங்க கத்துக்கிட்ட?"

"வித்தையா? ஆலையில இப்படித்தாங்கய்யா பேசுவோம்."

"படத்துல பேசுறியா?"

"என் பல்லு தூக்கலா இருக்குங்களே," அப்படின்னாளாம் இவ.

"வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு அவரு சிரிச்சாராம்.

அப்படித்தான் ஆவுடைத்தாய் படத்துக்குள்ள போனா. முதல்ல கூட்டத்துல ஒருத்தியா நின்னா. அப்புறம் ராணிக்குத் தோழி. அப்புறம் அவளேதான் ராணி. முகத்துல வெள்ளையைக் கனமா அப்பிவிடுவாங்களாம். மாவுச் சட்டியில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கும். உத்தண்டு பாத்துச் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிப்பானாம். பட்டணத்துல சுவருக்குச் சுவர் அவ படம் ஒட்டினாங்க. சனங்க குதிரை வண்டியில போயி டிக்கெட்டு வாங்கினாங்க. இவளுக்கு ஒரே கவலைதான். சித்திரைக்கு லீவு குடுப்பாங்களா? பிள்ளைக்கு அம்மா முகம் ஞாபகம் இருக்குமா?

இப்படி இருக்கையில ஒரு பெரிய படம் வந்துச்சாம். கப்பல் வியாபாரி ஒருத்தன், அவன் பெண்டாட்டி ஆவுடை. கப்பல் முழுகிப் போச்சு, புருஷன் செத்துட்டான்னு சேதி வருது. அவ அறுத்துட்டு, விதவையா நிக்கணும். கடைசியில புருஷன் உயிரோட திரும்பி வருவான். அதுதான் கதை.

டைரக்டரு சொன்னாரு, "அம்மா, பொட்டை அழிச்சுட்டு வந்து நில்லு."

ஆவுடை நகரல.

"பொட்டை அழிம்மா. வெயிலு போகுது."

"தலையே போனாலும் அழிக்க மாட்டேன்யா."

"படத்துக்குத்தானேம்மா!"

"படம் உங்களது. நெத்தி என்னோடது. எம் புருஷன் எனக்கு எதிர்லயே நிக்காரு. அவரைப் பாத்துக்கிட்டு எப்படிங்கய்யா அழிக்க?"

டைரக்டரு கத்தினாரு. மொதலாளி வந்தாரு. வேற பொண்ணைப் போட்டுக்கிடுவோம்னு பயங் காட்டினாங்க. "போட்டுக்கிடுங்க"ன்னு அவ தூக்குவாளியைக் கையில எடுத்துட்டாளாம். அப்பத்தான் காமிராப் பெட்டிக்குப் பின்னால நிக்கிற ராவுன்னு ஒருத்தரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு முன்னால வந்தாராம்.

"பொறுங்க. இந்தப் பெட்டிக்கு நம்ம கண்ணு மாதிரிக் கண்ணு இல்ல. சிவப்பைக் கறுப்பா காட்டும். நீலத்தை வெளுப்பா காட்டும். வண்ணான் துணிக்குப் போடுற நீலம் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க. அதுல பொட்டு வைப்போம். வெள்ளை பூசின முகத்துல நீலம் வச்சா, படத்துல பொட்டே தெரியாது. ஆனா அம்மா நெத்தியில பொட்டு இருக்கும்."

ஆவுடை யோசிச்சா. "சிவப்பை அழிக்க மாட்டேன். அது மேலயே நீலத்தை வைங்க."

"சரி, மேலயே வைக்கிறேன்."

"எம் புருஷன் வந்து வைக்கட்டும்."

உத்தண்டு பலகையைக் கீழ வச்சுட்டு வந்து, சிவப்புப் பொட்டு மறையுற மாதிரி நீலப் பொட்டை வச்சானாம். திரும்பப் போயி பலகையைப் பிடிச்சான். புருஷன் பிடிச்ச வெளிச்சத்துலதான் அவ புருஷன் செத்தவளா நின்னா. அவனைப் பாத்துக்கிட்டே அழுதா. அது வரைக்கும் ஆடாத உத்தண்டு கை, அன்னைக்கு ஆடிப்போச்சாம்.

"வெளிச்சத்தை ஆட்டாதேப்பா!"ன்னு டைரக்டரு கத்தினாராம்.

அந்தப் படம் ஊரு ஊரா சுத்தி, பங்குனி மாசம் சாத்தூருக்கு வந்துச்சு. கூடாரம் அடிச்சுப் படம் போட்டாங்க. ஆவாரங்குளமே வண்டி கட்டிப் போச்சாம். மாடத்தி புதுச்சேலை கட்டி, பேத்தியை மடியில வச்சுக்கிட்டு, முன்னால போயி உக்காந்தா. பாக்குறவங்ககிட்டயெல்லாம், "எம் மருமகதான், எம் மருமகதான்"ன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

படம் ஓட ஆரம்பிச்சுது. பேசாத படத்துக்குப் பேசுறதுக்குன்னு ஒரு ஆளு திரைக்குப் பக்கத்துல நிப்பாராம். கையில ஒரு கம்பு. தொண்டை கிழியக் கதை சொல்லுவாரு.

"இதோ வருகிறாள் வணிகன் மனைவி! முல்லைச் சிரிப்பு முகத்தாள்!"

செல்லக்கனி திரையைப் பாத்துக் கையை நீட்டி, "அம்மா!"ன்னுச்சு. கூடாரமே திரும்பிப் பாத்துச்சு. மாடத்திக்குப் பெருமை தாங்கல.

"ஐயகோ! நடுக்கடலில் மூழ்கியது கப்பல்! மாண்டான் வணிகன்!"ன்னு அந்தாளு கம்பை ஓங்கித் தட்டினாரு.

திரையில ஆவுடை முகம் மட்டும் பெருசா வந்துச்சு. வெள்ளை முகம். வெறும் நெத்தி.

மாடத்தி எந்திரிச்சுட்டா.

"யாத்தே! எம் மகனுக்கு என்ன ஆச்சு?"

"உக்காருங்கம்மா. இது கதைம்மா"ன்னாரு கம்புக்காரரு.

"கதைக்கு யாருய்யா பொட்டை அழிப்பா? எம் மகன் செத்துட்டான்! எனக்குச் சொல்லாம மறைச்சுட்டாங்க! ஏலே உத்தண்டு, எஞ் சிங்கமே!"

தலையில அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சா. பக்கத்துப் பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க. கதை சொல்ற ஆளு பாவம், கம்பைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சாரு. மிசினை நிறுத்திட்டாங்க. வண்டியைப் பூட்டி எல்லாரும் பாதிப் படத்துல ஊருக்குத் திரும்பிட்டாங்க. அய்யாக்குட்டி மட்டும் வழியெல்லாம், "கடைசி வரைக்கும் பாத்துட்டு வந்திருக்கலாம்"ன்னு முனகிக்கிட்டே வந்தாராம்.

கொஞ்ச நாள்ல பட்டணத்துல இருந்து ஒரு ஆளு ஊருக்கு வந்தான். "உத்தண்டா? போன வாரம்கூடப் பாத்தேனே. இட்டிலிக் கடையில உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தான்"ன்னான்.

மாடத்தி கோயிலுக்கு ஓடி விழுந்து கும்பிட்டா. எந்திரிக்கும்போதே அவ முகம் மாறிப்போச்சாம்.

"அப்ப உயிரோட இருக்கிறவனுக்கா அவ அறுத்தா?"

எதிர்வீட்டுக் கிட்ணம்மா சும்மா இருப்பாளா? "நாங்களும்தான் பாத்தோம், மதினி. மொட்டை நெத்தி. பட்டணத்துக் காசு பொட்டையும் அழிச்சுப்புடும் போல"ன்னு அவ வேற எரியுறதுல எண்ணெயை ஊத்தினா.

சொன்ன சொல்லு தப்பாம ஆவுடையும் உத்தண்டும் சித்திரைப் பொங்கலுக்கு வந்தாங்களாம். ரயிலடியில இருந்து நடை. ஆவுடை கையில பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை. நெத்தியில குங்குமம், தலை நெறயப் பூவு. தெருவுக்குள்ள நுழையும்போதே பொம்பளைங்க பேச்சை நிறுத்திட்டாங்க. ஆவுடை அதைப் பாத்துட்டு, பிள்ளைக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு ஓடினா.

மாடத்தி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நடைவாசல்ல நின்னா.

"நில்லு அங்கயே."

"அத்தை?"

"எம் மகன் வரட்டும் உள்ள. நீ வராத. உயிரோட இருக்கிறவனைப் பொட்டை அழிச்சுச் சாகடிச்சவ, எங் குலத்துப் பிள்ளையைத் தொடக் கூடாது."

"நான் அழிக்கல, அத்தை. நீலப் பொட்டு வச்சிருந்தேன். அது பெட்டியில தெரியாது. இந்தா நிக்காரே, இவருதான் வச்சுவிட்டாரு."

"ஆமா ஆத்தா, நான்தான் வச்சேன்"னான் உத்தண்டு.

"பெண்டாட்டிக்குப் பரியாத ஆம்பளை உண்டா? நீலப் பொட்டாம்! ஊரே பாத்துச்சு. எல்லாருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?"

செல்லக்கனி கையை நீட்டுச்சு. மாடத்தி பிள்ளையைத் திருப்பி, முகத்தைத் தோள்ல அமுக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கிலுகிலுப்பை ஆவுடை கையிலயே இருந்துச்சு.

உத்தண்டும் வீட்டுக்குள்ள போகல. ரெண்டு பேரும் போக்கிடம் இல்லாம நின்னப்போ, அந்தக் கிட்ணம்மாதான் மனசு கேக்காம, "எங்க வீட்டுல இருங்க"ன்னாளாம். எண்ணெய் ஊத்தினவளே தண்ணியும் குடுத்தா.

காலையில ஆவுடை கிட்ணம்மா வீட்டு வாசல்ல உக்காந்து எதிர்வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. பிள்ளை எண்ணெய் இல்லாத தலையோட இருக்கே, யாரு சீவி விடுவா? சாப்பிட்டுச்சா, இல்லையா? கேக்கவும் முடியல. அப்ப செல்லக்கனி நடைக்கு வந்துச்சு. ஆவுடை வாய் திறக்கல. புருவத்தைத் தூக்கினா. பிள்ளை பாத்துச்சு. மூக்கைச் சுருக்கினா. பிள்ளையும் சுருக்குச்சு. கன்னத்தை உப்பினா. பிள்ளையும் உப்பிக்கிட்டு, கெக்கேன்னு சிரிச்சுச்சு. தெருவுக்கு இந்தப் பக்கம் ஆத்தாளும் அந்தப் பக்கம் மகளும் சத்தமே இல்லாமக் கொஞ்சிக்கிட்டாங்களாம். மாடத்தி வந்து முந்தானையால பிள்ளை முகத்தை மூடிட்டா. பிள்ளை முந்தானைக்குள்ள இருந்து வீறிட்டு அழுதுச்சு.

ஆவுடை எந்திரிச்சு நடுத் தெருவுல வந்து நின்னா.

"அத்தை, சந்தைக்குச் சந்தை சாத்தூருக்குப் போட்டோ பிடிக்கிறவரு வாராரு. இன்னைக்கும் சந்தைதான். அவரு பெட்டியும் அதே மாதிரிப் பெட்டிதான். நீலப் பொட்டு வச்சுப் போட்டோ பிடிச்சுப் பாப்போம். பொட்டு பொட்டாவே விழுந்தா, நான் பொய் சொன்னவ. இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். பிள்ளையைக் கேக்க மாட்டேன்."

"நீ மூஞ்சிய மாத்தி வித்தை காட்டுறவ. உன்னைப் போட்டோ பிடிச்சு யாரு நம்புவா?"

"என்னை இல்ல, அத்தை. உங்களை."

தெரு சிரிச்சுச்சு. மாடத்திக்கு ரோசம் வந்துருச்சாம்.

"எங்களை எந்தப் பெட்டியும் ஒண்ணும் செய்யாது. எம் பொட்டு அவுக உயிரு. கட்டுங்க வண்டியை!"

உத்தண்டு மெதுவா கேட்டானாம், "ஏளா, பிள்ளையைப் பணயம் வச்சுட்டியே. ராவு சொன்னது தப்பாயிருந்தா?" ஆவுடைக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. படம் பிடிச்ச பெட்டி வேற, போட்டோப் பெட்டி வேறயோ என்னமோ? பட்டணத்து நீலம் வேற, சாத்தூரு நீலம் வேறயோ என்னமோ? வண்டி போற வழியெல்லாம் ஒவ்வொண்ணா நெனச்சுக்கிட்டே போனாளாம்.

போட்டோக்காரரு பேரு தேவபிச்சை. மூணு காலு பெட்டி, கறுப்புத் துணி, பின்னால ஒரு சின்னக் கூடாரம். ஊரே வண்டியில வந்து இறங்கவும், அந்த மனுசன் அடிக்க வாராங்களோன்னு பயந்துட்டாராம். விசயத்தைச் சொன்னதும், ஆவுடையை ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாரு:

"நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னா அவளுக்கு உறவான்னு கேப்பீங்க. அட்டை சொல்லட்டும்."

வண்ணான் வீட்டு நீலத்தைக் குழைச்சு, கிட்ணம்மாதான் மாடத்தி நெத்தியில வச்சுவிட்டா. குங்குமத்துக்கு மேலயே, அது மறையுற மாதிரி, காலணா அகலத்துக்கு. ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு. கறுத்த நெத்தியில பளிச்சுன்னு நீலம்.

"நல்லா பாத்துக்கிடுங்க எல்லாரும்"னு மாடத்தி நிமிந்து உக்காந்தா. பக்கத்துல அய்யாக்குட்டி மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு உக்காந்தாரு.

"தாத்தா, வெத்தலை மெல்லாதீங்க"ன்னாரு தேவபிச்சை.

"மென்னா என்ன?"

"வாய் ரெண்டா விழும்."

"ரெண்டு வாயா! இவளுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் பத்தலதான்"ன்னாராம் அய்யாக்குட்டி. சந்தையே சிரிச்சுது. மாடத்தி சிரிக்கல. கண்ணைக்கூடச் சிமிட்டல.

அட்டை காயுற வரைக்கும் காத்துக் கெடந்தாங்க. ஆவுடை ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. பொழுது சாயுற நேரத்துக்குத் தேவபிச்சை கூடாரத்துக்குள்ள இருந்து வந்தாரு. அட்டையை வேற யார்கிட்டயும் குடுக்கல. நேரா மாடத்தி கையில குடுத்தாரு.

மாடத்தி பாத்தா.

அட்டையில அய்யாக்குட்டி மீசையோட ராசா மாதிரி உக்காந்திருந்தாரு. பக்கத்துல ஒரு கிழவி. சேலை அவளது. மூக்குத்தி அவளது. நெத்தியில பொட்டு இல்ல. திருநீறு பூசின மாதிரி வெளேர்னு ஒரு வட்டம். குங்குமம் இல்லாம வெறும் திருநீறு மட்டும் பூசிக்கிட்டு உக்காந்திருக்கிற பொம்பளை யாருன்னு அந்த ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாடத்தி நெத்தியைத் தொட்டா. விரல்ல நீலம் ஒட்டுச்சு. அட்டையைப் பாத்தா. திரும்பப் புருஷனைப் பாத்தா.

"நான் இருக்கேன்டி"ன்னாராம் அய்யாக்குட்டி.

வெத்தலை மென்னுக்கிட்டேதான் சொன்னாரு. அதைக் கேட்டதும் மாடத்தி உடைஞ்சு போயி அழுதா. படக் கூடாரத்துல மகனுக்கு அழுதாளே, அந்த அழுகை இல்ல. சத்தமே இல்லாம, முகம் மட்டும் அழுதுச்சாம். அட்டை கைக்குக் கை மாறுச்சு. வாங்குறவங்க அதைப் பாப்பாங்க, அவ நெத்தியைப் பாப்பாங்க, அடுத்த ஆளுகிட்டக் குடுப்பாங்க.

"வெள்ளை பூசாத முகத்துலயே இப்படித் திருநீறு மாதிரி விழுதே"ன்னு கிட்ணம்மாதான் முதல்ல வாயைத் திறந்தா. "வெள்ளையை அப்பின முகத்துல வச்சா எங்கிட்டுத் தெரியும்? பாவி நாங்க, வாய்க்கு வந்ததைப் பேசினோமே."

மாடத்தி ஆவுடைகிட்டப் போனா.

"எனக்கு இந்த அட்டையில பாக்கவே உசுரு போயிடுச்சு. நீ அந்தக் கோலத்துல எப்படித்தான் நின்ன?"

"இவரைப் பாத்துக்கிட்டே நின்னேன், அத்தை. எனக்கு நேரா இவருதான் வெளிச்சம் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. இவரு இருக்காரு, இவரு இருக்காருன்னு சொல்லிக்கிட்டே நின்னேன்."

மாடத்தி உத்தண்டைப் பாத்தா. "கை வலிக்கலயாலே?"

"கை வலிக்கல, ஆத்தா"ன்னான் அவன்.

கிட்ணம்மா இடுப்புல இருந்த பிள்ளையை மாடத்தி வாங்கி ஆவுடை இடுப்புல வச்சா. பிள்ளை ஆத்தா முகத்தைப் பாத்து மூக்கைச் சுருக்குச்சாம்.

அந்த அட்டையை வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு மாடத்தி ஒத்தைக் காலுல நின்னா. வாற வழியில குளத்துல போட்டுட்டா. அய்யாக்குட்டிதான், "மீசை நல்லா விழுந்திருந்துச்சே"ன்னு ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாராம்.

மறுநாள் உச்சி வெயில்ல மாடத்தி தெருச் சனத்தையெல்லாம் கூட்டினா. மருமகளை நடைவாசல்ல நிக்க வச்சா. வீட்டுல இருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்ச்சு எடுத்துக் குடுத்து, "ஏலே, நீ எப்படி வெளிச்சம் பிடிச்சியோ அப்படிப் பிடி"ன்னு உத்தண்டை எதிர்ல நிறுத்தினா. வெயிலு தாம்பாளத்துல விழுந்து ஆவுடை முகத்துல அடிச்சுது. மாடத்தி முதல்ல ஒரு சிவப்புப் பொட்டு வச்சா. சிவப்பு மறையாம, அதுக்குக் கொஞ்சம் மேல தள்ளி, ஒரு நீலப் பொட்டு வச்சா. வச்சுட்டு ஊருக்குக் கேக்குற மாதிரிச் சொன்னா:

"எவன் எதைக் காட்டினாலும் காட்டட்டும். எம் மருமக நெத்தியை எங் கண்ணால பாத்துட்டேன். இனி நான் சாட்சி."

ஆவுடை பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பட்டணம் போனா. இன்னும் ரெண்டு மூணு படத்துல நடிச்சான்னு சொல்லுவாங்க. அப்புறம் படம் பேச ஆரம்பிச்சுது. பாடத் தெரிஞ்சவங்களைத் தேடினாங்க. இவ குரலு ஆலை மிசினு மாதிரி இருக்கும், கூப்பிடுவாங்களா? அவளுக்கு ஒண்ணும் வருத்தமில்லையாம். "முகம் வலி எடுத்துருச்சு, போதும்"னு ஊருக்கு வந்து, பருத்தி போட்டு, இன்னும் பிள்ளைங்களைப் பெத்து, மாடத்தியைக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தா. அவ நடிச்ச படச்சுருளெல்லாம் பட்டணத்துல எங்கயோ கெடந்து மக்கிப் போச்சுன்னு சொல்லுறாங்க. இன்னைக்கு அங்க போயி ஆவுடைத்தாய்னு கேட்டா, யாருன்னு கேப்பாங்க.

ஆனா ஆவாரங்குளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முந்தி, வெயில் ஏறட்டும்னு வாசல்ல நிறுத்தி வைப்பாங்க. மாப்பிள்ளை கையில பித்தளைத் தாம்பாளத்தைக் குடுத்து எதிர்ல நிக்க வைப்பாங்க. அவன் கை ஆடினா கொழுந்தியாமாரெல்லாம், "வெளிச்சத்தை ஆட்டாதேப்பா!"ன்னு கத்துவாங்க. எதுக்கு அப்படிக் கத்துறோம்னு அந்தப் பிள்ளைங்களுக்கே தெரியாது. மாமியா வந்து சிவப்புப் பொட்டு ஒண்ணு வச்சு, அதுக்கு மேல நீலப் பொட்டு ஒண்ணு வைப்பா. வெளியூர்ச் சம்பந்தக்காரங்க, "இது என்ன கூத்து?"ன்னு கேப்பாங்க. கல்யாண வீட்டுப் போட்டோக்காரங்க, "நீலம் எதுக்கும்மா, துடைச்சிருங்க, படத்துல அசிங்கமா விழும்"பாங்க. இப்ப உள்ள பெட்டியில நீலம் நீலமாவேதான் விழுகுது. இருந்தாலும் துடைக்க மாட்டாங்க.

ஏன்னா பொட்டு வச்ச கையோட மாமியா அந்த ஒரு சொல்லைச் சொல்லியாகணும். சொன்னாத்தான் பொண்ணு வாசப்படியைத் தாண்டுவா. சொல்லாத மாமியா வீட்டுக்குள்ள ஆவாரங்குளத்துல எந்தப் பொண்ணும் காலு வச்சதில்ல.

"எங் கண்ணால பாத்துட்டேன். இனி நான் சாட்சி."